திருவனந்தபுரம் குடிநீர்த் தடை முதல் ஜெய்ப்பூர் தீ விபத்து வரை: ஒரு வால்வைக் கழற்றுவது ஏன் இவ்வளவு பெரிய வேலை?

2024 செப்டம்பர் முதல் வாரம். ஓணத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. திருவனந்தபுரம் நகரின் பெரும்பகுதியில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

காரணம் வறட்சி அல்ல. திருவனந்தபுரம் - நாகர்கோவில் ரயில் பாதையை இரட்டிப்பாக்கும் பணிக்காக, தண்டவாளத்தின் வழியில் இருந்த பெரிய குடிநீர்க் குழாய்களைக் கேரள நீர் ஆணையம் இடம் மாற்ற வேண்டியிருந்தது. ஓரிரு நாளில் முடியும் என்று சொல்லப்பட்ட வேலை இழுத்துக்கொண்டே போனது. மாநகராட்சியின் 44 வார்டுகளில் தண்ணீர் விநியோகம் பாதிக்கப்பட்டது. டேங்கர் லாரிகள் ஓடின. செப்டம்பர் 9-ம் தேதி மாநகராட்சி எல்லைக்குள் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. கேரளப் பல்கலைக்கழகம் தேர்வுகளைத் தள்ளிவைத்தது.

அந்த நாட்களில் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஒரு பைப்பை மாத்த இத்தனை நாளா?"

நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய குழாயில் ஒரு வால்வைக் கழற்றி மாட்டும் வேலை, நம் வீட்டுக் குழாயில் வாஷர் மாற்றுவது மாதிரி இல்லை. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெய்ப்பூரிலும் வட கடலிலும் அமெரிக்காவிலும் உதாரணங்கள் உள்ளன. அங்கெல்லாம் உயிர்கள் போயின, அல்லது தொழிலாளர்கள் படுகாயம் அடைந்தார்கள். அந்த விபத்துகள் எல்லாம் சொல்லும் பாடம் ஒன்றுதான்: வால்வு மூடியிருக்கிறது என்பதும், உள்ளே அழுத்தம் இல்லை என்பதும் ஒரே விஷயம் அல்ல.

குழாய்க்குள் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அழுத்தம்?

திருவனந்தபுரத்துக்கு முக்கியமாகத் தண்ணீர் தருவது கரமனை ஆறு. நகரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தள்ளி இருக்கும் அருவிக்கரையில் தண்ணீர் எடுக்கப்படுகிறது. 1933-ல், திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. அங்கிருந்து பெரிய குழாய்கள் வழியே நகரத்துக்கு வருகிறது.

700 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் நீளத்தில் அதற்குள் சுமார் 3.85 லட்சம் லிட்டர் தண்ணீர் இருக்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அள்ளினால் 32 லோடு. ஒரு வால்வைக் கழற்ற வேண்டும் என்றால் முதலில் இந்தத் தண்ணீரை எங்காவது வெளியேற்ற வேண்டும். அதுவும் சாலை, வீடுகள், ரயில் பாதை எதுவும் பாழாகாமல்.

அடுத்தது அழுத்தம். 40 மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தம் குழாயில் இருந்தால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிலோ. கேட்க ரொம்பக் கம்மியாகத் தெரியும். ஆனால் 700 மி.மீ. வால்வின் மூடிய கதவு மீது மொத்தமாகக் கணக்குப் போட்டால் சுமார் 15 டன். மூன்று யானைகள் ஒரு பக்கத்திலிருந்து கதவைத் தள்ளிக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்தில் ஒருவர் ஸ்பானரோடு போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

வால்வைத் திருகி மூடினால் போதாதா?

போதாது. இதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, பழைய வால்வு முழுசாக மூடாது. குடிநீர்க் குழாய்களில் அதிகம் இருப்பது கேட் வால்வு. நீர் வாரியப் பேச்சில் ஸ்லூயிஸ் வால்வு. ஒரு கதவு மேலிருந்து கீழே இறங்கித் தண்ணீரை அடைக்கும். வருடக்கணக்காகத் திறந்தே கிடந்தால் கதவு உட்காரும் பள்ளத்தில் மண்ணும் துருவும் சேர்ந்துவிடும். வீலைத் திருகுபவருக்கு 'டைட்' ஆகிவிட்டது போலத் தெரியும், ஆனால் கதவு அடியில் விரற்கடை இடைவெளி இருக்கும். இதைத்தான் ஃபிட்டர்கள் 'வால்வு பாஸ் ஆகுது' என்பார்கள்.

ஒரு வேலைக்காக நகரத்தின் பெரும்பகுதியில் தண்ணீர் நிற்பதற்கு இதுவும் ஒரு பொதுவான காரணம். பக்கத்து வால்வு பிடிக்கவில்லை என்றால், அதற்கு முந்தைய வால்வை மூட வேண்டும். அதுவும் பிடிக்கவில்லையா? இன்னும் மேலே போக வேண்டும். ஒவ்வொரு படி மேலே போகும்போதும் இன்னும் பல தெருக்கள் வறண்டுபோகும்.

இரண்டாவது, அழுத்தம் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். பால் வால்வு, சில வகை கேட் வால்வுகளின் வயிற்றுப் பகுதியில், இரண்டு பக்கமும் காலியான பிறகும் திரவமோ வாயுவோ பழைய அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும். போல்ட் தளர்ந்ததும் அது சீறிக்கொண்டு வெளியே வரும்.

மூன்றாவது, யாராவது திறந்துவிடலாம். இங்கே ஒருவர் கழற்றிக்கொண்டிருப்பது தெரியாமல், அடுத்த ஷிஃப்டில் வரும் இன்னொருவர் அங்கே வால்வைத் திறப்பார், அல்லது பம்பை ஆன் செய்வார். பெரிய விபத்துகள் பலவற்றின் ஆரம்பம் இதுதான்.

ஜெய்ப்பூரில் என்ன நடந்தது?

2009 அக்டோபர் 29 மாலை. ஜெய்ப்பூர் அருகே சீதாபுரா தொழிற்பேட்டையில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் எரிபொருள் முனையம். ஒரு பெட்ரோல் தொட்டியிலிருந்து குழாய் வழியே பெட்ரோல் அனுப்புவதற்கான ஏற்பாடு நடந்தது.

அந்தக் குழாயில் 'ஹேமர் பிளைண்ட்' என்ற அமைப்பு இருந்தது. குழாயைக் கண்டிப்பாக அடைக்க வேண்டும் என்றால், அதற்குள் ஒரு முழு இரும்புத் தகட்டை வைப்பார்கள். திறக்க வேண்டும் என்றால் அதை எடுத்துவிட்டு ஓட்டை உள்ள தகட்டை வைப்பார்கள். தகட்டை மாற்றும் அந்தச் சில நிமிடங்கள் குழாயின் மேற்பகுதி திறந்தே இருக்கும். அதனால் தொட்டிப் பக்கத்து வால்வு கண்டிப்பாக மூடியிருக்க வேண்டும்.

அன்று ஹேமர் பிளைண்ட் திறந்திருந்த நேரத்தில் அந்த வால்வும் திறந்திருந்தது. பெட்ரோல் பீறிட்டு அடித்தது. பக்கத்தில் இருந்தவர்களை ஆவி மூச்சுத்திணற வைத்தது. அதன் பிறகு அருகே போய் வால்வை மூட யாராலும் முடியவில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்தே மூடும் வசதியும் வேலை செய்யும் நிலையில் இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் பெட்ரோல் கொட்டி, ஆவி வளாகம் முழுவதும் பரவியது. பிறகு பெரும் வெடிப்பு. 11 பேர் உயிரிழந்தனர். தீ பல நாட்கள் எரிந்தது.

அங்கே இருந்தது ஒரே ஒரு தடுப்பு. அது மூடியிருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் குழாய் திறக்கப்பட்டதும், எல்லாமே கைமீறிப் போய்விட்டது.

வெளிநாட்டு விபத்துகள் என்ன சொல்கின்றன?

1988 ஜூலை 6, வட கடலில் பிரிட்டனின் 'பைப்பர் ஆல்ஃபா' எண்ணெய்-எரிவாயு மேடை. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றி எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு மூடித் தகடு மட்டும் பொருத்தப்பட்டிருந்தது. வேலை முடியாமலே பகல் ஷிஃப்ட் முடிந்தது. இரவு ஷிஃப்டில் இருந்தவர்களுக்கு வால்வு இல்லை என்ற தகவல் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனதால், இந்தப் பம்பை ஓட்டினார்கள். மூடித் தகட்டின் வழியே வாயு கசிந்து தீப்பற்றியது. 167 பேர் இறந்தனர்.

2016 நவம்பர் 22, அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில் எக்ஸான்மொபில் சுத்திகரிப்பு ஆலை. ஐசோபியூட்டேன் குழாயில் ஒரு வால்வின் கியர்பாக்ஸ் வேலை செய்யவில்லை. கியர்பாக்ஸைக் கழற்றி, வால்வைக் கையால் திருப்பலாம் என்று போல்ட்டுகளைக் கழற்றினார்கள். ஆலையில் இருந்த பெரும்பாலான வால்வுகளில் அது ஆபத்தில்லாத வேலை. ஆனால் இது பழைய டிசைன். கியர்பாக்ஸைத் தாங்கிய அதே போல்ட்டுகள்தான் உள்ளே இருந்த அழுத்தத்தை அடைக்கும் மூடியையும் பிடித்திருந்தன. வால்வு பிரிந்து, வாயு வெளியேறித் தீப்பிடித்தது. நான்கு தொழிலாளர்கள் கடுமையான தீக்காயம் அடைந்தார்கள்.

முதல் விபத்து தகவல் கைமாறாததால் வந்தது. இரண்டாவது, எந்த போல்ட் எதைப் பிடித்திருக்கிறது என்று தெரியாததால் வந்தது.

சரி, பாதுகாப்பாகக் கழற்றுவது எப்படி?

நிறுவனத்துக்கு நிறுவனம் விதிமுறை மாறும். இந்த வேலையைப் பயிற்சி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும். ஆனால் அடிப்படை வரிசை எங்கேயும் ஏறக்குறைய இதுதான்.

1. சரியான வால்வுதானா? வரைபடத்தையும் வால்வில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டு, கழற்ற வேண்டிய வால்வில் அடையாளம் கட்டுவார்கள். ஒரே மாதிரி நான்கு வால்வுகள் வரிசையாக இருக்கும் இடத்தில் தவறான வால்வில் ஸ்பானர் போடுவது அபூர்வம் அல்ல.

2. எழுத்துப்பூர்வ அனுமதி. 'ஒர்க் பெர்மிட்' என்பார்கள். என்ன வேலை, எந்தக் குழாய், எதெல்லாம் மூடப்பட்டிருக்கிறது, யார் பொறுப்பு என்று எழுதியிருக்கும். ஷிஃப்ட் மாறினால் இதைக் கையில் கொடுத்து, நேரில் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

3. இரண்டு பக்கமும் அடைத்துப் பூட்டுதல். மேல்நிலை, கீழ்நிலை வால்வுகளை மூடி, சங்கிலி போட்டுப் பூட்டி, 'ஆள் வேலை செய்கிறார், திறக்காதே' என்று அட்டை மாட்ட வேண்டும். பம்பின் மின் இணைப்பையும் துண்டித்துப் பூட்ட வேண்டும். வேலை செய்யும் ஒவ்வொருவரும் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். எரிவாயு, பெட்ரோல், அமிலம் போன்றவை ஓடும் குழாயில் ஒரு வால்வை மட்டும் நம்ப மாட்டார்கள். இரண்டு வால்வுகளை மூடி, நடுவில் இருப்பதை வடித்துவிடுவார்கள். அல்லது ஃபிளேஞ்சுக்கு நடுவே முழு இரும்புத் தகடு வைத்து அடைப்பார்கள்.

4. வடித்தல். தாழ்வான இடத்தில் உள்ள ஸ்கவர் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவார்கள். அதே நேரம் மேட்டில் உள்ள ஏர் வால்வு வழியே காற்று உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் முழுசாக இறங்காது. உள்ளே வெற்றிடம் உண்டாகி மெல்லிய குழாய் நசுங்கவும் கூடும்.

5. பூஜ்யம் என்று நிரூபித்தல். மிக முக்கியமான படி இதுதான். பிரஷர் கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்பது மட்டும் சாட்சி ஆகாது. கேஜுக்குப் போகும் சின்னத் துளை அடைத்திருந்தாலும் முள் பூஜ்யத்தில்தான் நிற்கும். வடிகால் துளையைத் திறந்து, எதுவும் வரவில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். வால்வு பாஸ் ஆனால் அப்போதுதான் தெரியும்.

6. குழிக்குள் இறங்கும் முன். பல வால்வுகள் சாலைக்கு அடியில் சேம்பருக்குள் இருக்கும். மூடிக்கிடந்த குழியில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், விஷவாயு இருக்கலாம். மூடியைத் திறந்து காற்றோட்டம் கொடுத்து, கருவியால் சோதித்த பிறகே இறங்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கவே கூடாது. மேலே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால், காப்பாற்றுவதாக நினைத்து அவரும் குதிக்கக் கூடாது. நச்சுவாயு சோதனை இல்லாமல் இப்படிப்பட்ட அடைபட்ட இடத்தில் ஆளை இறக்கக் கூடாது என்பதை 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 36-வது பிரிவில் சொன்னது.

7. போல்ட்டைத் தளர்த்துதல். நட்டை முழுசாகக் கழற்றிவிடக் கூடாது. தன் முகத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள போல்ட்டை முதலில் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஃபிளேஞ்ச் லேசாக விலகும். உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால் அந்தப் பக்கம் சீறும், ஆள் தப்பிப்பார். நட்டு இன்னும் போல்ட்டில் இருப்பதால் மறுபடி இறுக்கவும் முடியும்.

8. தூக்குதல். பெரிய வால்வின் எடை டன் கணக்கில் இருக்கும். கடைசி போல்ட்டைக் கழற்றும் முன்பே செயின் பிளாக்கிலோ கிரேனிலோ எடை தாங்கப்பட்டிருக்க வேண்டும். பெல்ட்டை வால்வின் உடம்பில் சுற்ற வேண்டும். வீலிலோ ஸ்பிண்டிலிலோ கட்டித் தூக்கினால் வளைந்துவிடும், உடைந்து விழவும் செய்யும்.

9. திறந்த வாயை மூடுதல். வால்வை எடுத்த பிறகு குழாயின் வாயைப் போல்ட் போட்டு மூடித் தகட்டால் அடைக்க வேண்டும். பைப்பர் ஆல்ஃபாவை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

மாட்டும்போது ஏன் தாமதம் ஆகிறது?

கழற்றுவதைவிட மாட்டுவது கஷ்டம். புதுக் குழாயும் பழைய குழாயும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். சில மில்லிமீட்டர் விலகினாலும் ஃபிளேஞ்ச் சரியாக உட்காராது. 'போல்ட்டை இறுக்கி இழுத்துக்கலாம்' என்று செய்தால், அந்த இழுவிசை முழுவதும் வால்வின் உடம்பில் நிற்கும். பிறகு ஒருநாள் விரிசல் விடும். அதனால்தான் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கக்கூடிய 'டிஸ்மாண்ட்லிங் ஜாயிண்ட்'டை வால்வின் பக்கத்தில் வைக்கிறார்கள். அடுத்த முறை கழற்றவும் அது உதவும்.

கேஸ்கட் எப்போதும் புதிது போட வேண்டும். போல்ட்டுகளை வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்காமல், எதிரெதிராக, மூன்று நான்கு சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கார் சக்கரத்துக்கு நட்டு போடுவதும் இதே முறைதான்.

பிறகு தண்ணீரை மெதுவாக நிரப்ப வேண்டும். வேகமாக விட்டால் உள்ளே சிக்கிய காற்று அமுங்கி, தண்ணீர் சம்மட்டி மாதிரி அடிக்கும். புது ஜாயிண்ட் அங்கேயே பிய்த்துக்கொள்ளும். கசிவு தெரிந்தால் என்ன செய்வது? மறுபடி மூடி, வடித்து, பூஜ்யம் பார்த்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 'இன்னும் ஒரு நாள்' என்று அறிவிப்பு வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். குடிநீர்க் குழாய் என்றால் குளோரின் போட்டுக் கழுவும் வேலையும் இருக்கிறது.

பராமரிப்பு என்றால் என்ன செய்ய வேண்டும்?

வால்வுக்குப் பெரிய எதிரி, அதைத் தொடாமல் விடுவதுதான். வருடத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு வால்வையும் முழுசாக மூடித் திறக்க வேண்டும். எத்தனை சுற்றில் மூடுகிறது என்று குறித்துவைக்க வேண்டும். போன வருடம் 60 சுற்று, இந்த வருடம் 52-லேயே நின்றுவிட்டது என்றால், கதவு அடிவரை போகவில்லை என்று அர்த்தம். நீளமான பைப்பை வீலில் மாட்டிப் பலவந்தமாகத் திருகக் கூடாது. கொஞ்சம் மூடி, கொஞ்சம் திறந்து, ஓடும் தண்ணீரே மண்ணை அரித்துக்கொண்டு போகவிட வேண்டும்.

கேட் வால்வைப் பாதி திறந்து வைத்துத் தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தக் கூடாது. வேகமாகப் பாயும் தண்ணீர் கதவின் விளிம்பை அரித்துவிடும். பிறகு அது மூடவே மூடாது. ஸ்பிண்டில் ஓரமாகக் கசிந்தால் கிளாண்ட் நட்டுகளை இரண்டு பக்கமும் சமமாக, கால் சுற்று மட்டும் இறுக்கிப் பார்க்கலாம். பேக்கிங்கையே மாற்றுவதாக இருந்தால் அழுத்தத்தை இறக்கிய பிறகுதான்.

கசிவைப் பிடித்து நிறுத்தத் தாமதமானால் பாதிப்பு ஆலைச் சுவரோடு நிற்காது. 2021 பிப்ரவரி 10-ம் தேதி, திருவனந்தபுரம் கொச்சுவேளியில் உள்ள டிராவன்கூர் டைட்டானியம் ஆலையில் குழாய் உடைந்து வெளியேறிய ஃபர்னஸ் ஆயில், வடிகால் வழியே கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. வேளி, சங்குமுகம் கடற்கரை மணலில் கருப்பாக எண்ணெய் படிந்தது. மீனவர்களின் பிழைப்பும் பாதிக்கப்பட்டது.

நம்ம வீட்டுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். மொட்டை மாடித் தொட்டிக்குக் கீழே உள்ள கேட் வால்வைக் கடைசியாக எப்போது திருப்பினீர்கள்? சமையலறைக் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டும் அன்றுதான் பலரும் அதைத் தேடிப் போவார்கள். அன்றைக்குத்தான் அது திருகாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள்.

ஏதாவது கழற்றும் முன் வால்வை மூடிவிட்டு, வீட்டிலேயே தாழ்வான குழாயைத் திறந்து தண்ணீர் முழுசாக நிற்கிறதா என்று பாருங்கள். சொட்டிக்கொண்டே இருந்தால் வால்வு பிடிக்கவில்லை என்று பொருள். மோட்டார் சுவிட்சை ஆஃப் செய்து, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். தரைமட்டச் சம்ப்புக்குள் உள்ள வால்வைப் பார்க்க யாரையும் தனியாக இறக்காதீர்கள்.

அடுத்த முறை உங்கள் ஊரில் 'பராமரிப்புப் பணிக்காகக் குடிநீர் நிறுத்தம்' என்று அறிவிப்பு வந்தால், வேலை எப்போது முடியும் என்று கேட்பது உங்கள் உரிமை. தாமதமானால் மாற்று ஏற்பாடு எங்கே என்று கேட்பதும் உரிமைதான். கூடவே இன்னொன்றையும் கேட்கலாம்: இந்தக் குழாயில் உள்ள வால்வுகளைக் கடைசியாக எப்போது திருப்பிப் பார்த்தீர்கள்? வருடாவருடம் செய்யும் அந்த வேலை ஒழுங்காக நடந்தால் பக்கத்து வால்வு பிடிக்கும், குறைவான தெருக்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். குழிக்குள் ஸ்பானரோடு இறங்கும் தொழிலாளியும் பத்திரமாக மேலே ஏறி வருவார்.